பல செவிகள் கேட்ட திருமறை

தமிழ்த் திருமறையின் வரலாற்றை எழுதுவோர் சீகன்பால்கு, பெப்ரிசியஸ், பவர் எனத் தனிப் பெரியோரின் பெயர்களை வரிசைப்படுத்தி அமைந்துவிடுகின்றனர். பதிப்புகளை அருகருகே வைத்து நோக்குமிடத்து வேறொன்று புலனாகும். ஒருவராற் தீர்க்கவியலாத சிக்கல்களை, ஒருவரோடொருவர் உடன்படாத பலரே தீர்த்துள்ளனர்.

இறைவனை எப்பெயரால் அழைப்பது? தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி நிறைவுற்ற புதிய ஏற்பாட்டில் சீகன்பால்கு, கத்தோலிக்கரிடை வழங்கிய ‘சருவேசுரன்’ என்னும் சொல்லைக் கையாண்டார். பெப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். உயர்ந்த சொல்தான், ஆயினும் ஜெபிப்பவன் நாவுக்குச் சற்றுத் தொலைவானது. ‘தேவன்’ அணுக்கமானது, ஆனால் தேவர் பலருள் ஒருவன் என்னும் பொருளுக்கும் இடந்தருவது. தாம் தெரிந்த சொல்லின் குறை தமக்கே தோன்றுவது அரிது. மாற்றுச்சொல்லை விரும்புகிறவர் அதனை உடனே காண்பார்.

1850-இல் வெளிவந்த யாழ்ப்பாணப் பதிப்பில் மெதடிஸ்த ஊழியரான பேர்சிவலுக்குச் சைவரான ஆறுமுக நாவலர் துணைநின்றார். இது நம்மிற் சிலருக்கு இன்றும் கூச்சந் தருகிறது, தரவேண்டியதில்லை. விசுவாசத்தில் வேறுபட்டவருடைய செவியே அப்பதிப்பின் தமிழோட்டத்துக்குக் காரணம். சென்னையிலிருந்தோர் அதனை ஏற்கவில்லை. மூலத்தோடு ஒட்டிநிற்கும் பெப்ரிசியஸின் நடையை இழக்க அவர்கள் விரும்பவில்லை. இரு தரப்பினரும் எளிதில் விட்டுக்கொடாமையாலேயே, பவர் தலைமையிலான குழுவினர் 1871-இல் முடித்த பதிப்பில் மூலப்பற்றும் ஓட்டமும் ஒருங்கே அமைந்தன. இதனைச் சமரசம் என்பது குறைத்துரைப்பதாகும்.

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடிப் பெயர்த்த திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. தெளிந்த தமிழ், ‘கடவுள்’ என்னும் சொல்லாட்சியும் பொருத்தமே. இருந்தும் நம் பிரசங்க பீடங்கள் பலவற்றில் 1871-இன் பதிப்பே வாசிக்கப்படுகிறது. இதனை வெறும் பழக்கம் எனத் தள்ளுவது போதிய விளக்கமன்று. சபைகள் பலவற்றின் அறிஞர்க்கு அக்குழுவில் இடமிருந்தது. எழுத்தறியாமலே சங்கீதங்களை மனப்பாடமாய்ச் சுமக்கும் மூதாட்டிக்கு எக்குழுவில் இடமிருந்தது? அவளுடைய மறுப்பு அச்சேறிய பின்னரே வெளிப்படுகிறது; அப்போது அதற்குப் பிடிவாதம் என்று பெயரிடுகிறோம். இனி ஒரு திருத்தக் குழு கூடுமாயின், அதன் வரைவு முதலில் கிராமச் சபைகளில் உரக்க வாசிக்கப்படட்டும். அங்கெழும் மறுப்புக்கு வாசகத்தையே மாற்றும் அதிகாரமும் இருக்கட்டும்.