ஈசோப்பும் ஈட்டியும்: யோவான் 19:29 பற்றிய ஒரு திறனாய்வு

ஆண்டவரின் பாடுகளை விவரிக்கையில், காடியில் தோய்த்த கடற்காளான் ஒரு கோலில் மாட்டிக் கொடுக்கப்பட்டதென மத்தேயுவும் மாற்கும் கூறுகின்றனர். யோவான் ஒருவரே அவ்விடத்தில் ஈசோப்பைக் குறிப்பிடுகின்றார். மெல்லிய இப்பூண்டு நனைந்த கடற்காளானின் பாரத்தைத் தாங்குமோ என்ற ஐயம் விளக்கவுரையாளரை நெடுநாளாக வருத்தி வந்துள்ளது.

இவ்விடர்ப்பாட்டை நீக்க, 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் கமெராரியுஸ் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். 'ஹிஸ்ஸோஸ்' என்னும் கிரேக்கச் சொல் எறியீட்டியைக் குறிக்கும். படியெடுத்தவர் இரண்டு எழுத்துக்களைத் தவறுதலாக இருமுறை எழுதியமையால் அது ஈசோப்பாயிற்று என்பது இக்கருத்து. 1961இல் வெளிவந்த புதிய ஆங்கில வேதாகமத்தின் புதிய ஏற்பாடு இதனை ஏற்றுக்கொண்டது.

கூர்மையான யூகமே எனினும் ஏற்கத்தக்கதன்று. முதலாவது, தொன்மையான கையெழுத்துப் பிரதிகள் ஈசோப்பு என்றே வாசிக்கின்றன. ஈட்டிக்குச் சான்று மிகப் பிற்காலத்தது. இரண்டாவது, 19:34இல் ஈட்டியைச் சுட்டும் யோவான் 'லொங்கே' என்னும் வேறொரு சொல்லையே கையாளுகின்றார். மூன்றாவது, கடினமான வாசகத்தை எளிதாக்கத் துணிவோர் பலர். எளிதானதைக் கடினமாக்குவோர் அரியர். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் மூலத்தில் இல்லாத 'தண்டு' என்னும் சொல்லைச் சேர்த்து இக்கடினத்தைச் சற்றுத் தணித்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஈசோப்பு யாது? ஐரோப்பியத் தோட்டங்களில் அப்பெயர் பெற்ற செடி பலஸ்தீன மண்ணுக்குரியதன்று. எபிரெயர் 'எசோப்' என்றது, துளசியின் குடும்பத்தைச் சேர்ந்ததும் பாறையிடுக்குகளில் வளர்வதுமான சீரிய மருக்கொழுந்தினப் பூண்டு என்பதே பெரும்பாலோர் முடிபு. மயிரடர்ந்த அதன் இலைகள் திரவத்தைப் பற்றிக்கொள்ளும். எனவே தெளிப்பதற்கு ஏற்றது. கெரிசீம் மலையில் சமாரியர் பஸ்காவில் இதனை இன்றும் பயன்படுத்துகின்றனர். யாத்திராகமம் 12இல் நிலைக்கால்களில் இரத்தம் பூசவும், லேவியராகமம் 14இல் குஷ்டரோகியைச் சுத்திகரிக்கவும், எண்ணாகமம் 19இல் பிணத்தைத் தொட்டவன்மேல் நீர் தெளிக்கவும் உதவியது இதுவே. ஐம்பத்தோராம் சங்கீதக்காரரின் விண்ணப்பம் இச்சடங்குகளை மனதிற்கொண்டது. ஆற்றல் பூண்டினுடையதன்று, அது ஒரு கருவியே.

ஆட்டுக்குட்டியை முதல் அதிகாரத்திலேயே சுட்டிய யோவான், பஸ்காவின் ஆயத்தநாளையும் (19:14) முறிக்கப்படாத எலும்பையும் (19:36) நினைவூட்டுகின்றார். இவ்விரண்டிற்குமிடையே வரும் ஈசோப்பு தற்செயலானதென எண்ணுதல் அரிது. ஆயினும் எச்சரிக்கை தேவை. எகிப்தில் ஈசோப்பு ஏந்தியது இரத்தம்; கொல்கொதாவில் காடி. ஒவ்வொன்றுக்கும் ஒப்புமை தேடுவது உருவகத்தை மிகைப்படுத்துவதாகும். யோவான் விளக்கவில்லை, நினைவூட்டி நின்றுவிடுகின்றார்.

ஈட்டியை ஏற்பின் ஒரு வசதி கிட்டும். யாத்திராகமத்தின் எதிரொலி மறையும். பிரசங்கபீடத்தில் நிற்கும் நாம் கடினமான சொல்லை நீக்க விரையாமல், அதன்முன் பொறுமையோடு காத்திருக்கக் கற்போமாக.