எந்த உலகத்தை எழுப்புவது?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் ஓர் உலகத்தை வர்ணிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்கிறார்கள். பலிக்குமா என்று பகடை சொல்லுகிறது. கூட்டாகச் சொல்லும் கதை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கென்றே எழுதி அச்சிட்ட உலகங்களில் பல, பாதியில் கைவிடப்பட்டன. அவற்றில் எதை மறுபடி எழுப்பலாம் என்பது ரசிகர்களிடையே ஓயாத சர்ச்சை.

என் ஓட்டு 1991-ல் வந்த 'டார்க் ஸன்' உலகத்துக்கு. அது முழுக்கப் பாலைவனம். தெய்வங்கள் இல்லை. இரும்பு அருமை, ஆயுதம் எலும்பிலும் கல்லிலும், காசு சுட்ட மண்ணிலும். மந்திரத்துக்கு வேண்டிய சக்தி சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரிலிருந்து வருகிறது. நிதானமாக எடுத்தால் செடி பிழைக்கும். அவசரப்பட்டால் காலடி மண் சாம்பலாகிவிடும். அந்த அவசரம்தான் உலகத்தையே பாலையாக்கியது. முதல் பதிப்பில் இது மந்திரவாதியின் வகையைப் பொறுத்த விஷயம். 2010-ல் வந்த பதிப்பிலோ, நெருக்கடி வரும்போதெல்லாம் அவனே தீர்மானிக்க வேண்டும். அவசரத்தில் பக்கத்தில் நிற்கும் தோழர்களும் காயப்படுவார்கள். ஒரு மனிதனின் குணத்தைக் காட்ட நாங்கள் நூறு பக்கம் செலவழிக்கிறோம். இந்த ஒரு விதி அதைச் செய்துவிடுகிறது.

ஆனால் அந்த உலகத்தைக் கெடுத்ததும் நாவல்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிராய் டென்னிங், அதை வைத்து 1991 முதல் 1993 வரை ஐந்து நாவல்கள் எழுதினார். முதல் நாவலிலேயே டீர் நகரத்துக் கொடுங்கோலன் காலக் கொல்லப்படுகிறான். ஐந்தாவது முடிவதற்குள் இன்னும் சில மன்னர்களும், எல்லோரும் அஞ்சிய டிராகனும் மாண்டாகிவிட்டது. 1995-ல் வந்த திருத்திய பதிப்பு இதையெல்லாம் சரித்திரமாகவே ஏற்றுக்கொண்டது. நாவல் என்ற முறையில் இதில் குற்றமில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு என்ன மிச்சம்? நாவலுக்கு முடிவு வேண்டும். இந்த ஆட்டத்துக்கு முடியாத கதையே மூலதனம். 2010 பதிப்புக்காரர்கள் இதை உணர்ந்து, காலக் இறந்த சமயத்துக்கே கதையைத் திரும்பக் கொண்டுபோனார்கள். அதுவும் போதாது என்பது என் அபிப்பிராயம்.

நட்சத்திரங்களிடையே கப்பல் ஓடும் 'ஸ்பெல்ஜாமர்' உலகம் 2022-ல் எழுப்பப்பட்டது. அறுபத்து நாலு பக்கத்தில் மூன்று மெல்லிய புத்தகங்கள். படங்கள் ஜோர். கப்பல் போய் இறங்க ஊர்கள்தாம் போதவில்லை. டார்க் ஸன்னுக்கு இந்த மாதிரி மறுபிறவி வேண்டாம்.

அந்த உலகத்தில் அடிமை வியாபாரம் உண்டு. அதை நீக்கிவிட்டு வெளியிடலாமே என்பவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அடிமைகளின் சந்ததியார் வாழும் தேசத்தில் அதை வைத்து விளையாடுவது மனசைக் கூசத்தான் செய்யும். ஆனால் காலக் கட்டும் பிரம்மாண்டமான படிக்கட்டுக் கோபுரத்தில் கல் சுமப்பவர்கள் அடிமைகள். அவர்களைக் கூலியாட்கள் என்று மாற்றிவிட்டால் அவனை எதற்காக எதிர்ப்பது? அடிமையை வாங்கும் வசதியை ஆடுகிறவர்களுக்குத் தர வேண்டாம். கோபுரம் முடியாமல், காலக் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு நாளில், அந்தக் கல் சுமக்கும் வரிசையிலேயே அவர்களை நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லுவேன்.