ஏலத்துக்கு ஒய் உண்டா?

பாலவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவொன்றில், இரண்டாவது மாடியில் இருக்கிறார் என் பெரியப்பா. பேங்க், ரயில் டிக்கெட், கரண்ட் பில், ஜிமெயில் என்று பதினொரு கணக்கு. அத்தனைக்கும் ஒரே பாஸ்வேர்டு: பேத்தியின் பெயர், ஒரு அட் குறி, அவள் பிறந்த வருஷம். “மாத்தச் சொன்னா கடைசியில ஒரு ஒண்ணு சேர்ப்பேன்” என்றார், பெருமையாக.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய எழுத்து, எண், குறி, அடிக்கடி மாற்று என்கிற விதிகளைப் பரப்பியது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட். 2000-களின் தொடக்கத்தில் அவற்றை எழுதியவர் பில் பர். அதில் பெரும்பகுதியை நினைத்து இப்போது வருந்துவதாக 2017-ல் அவரே பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். அதே வருஷம் நிஸ்ட்டும் விதியைத் திருத்தியது: நீளம்தான் முக்கியம், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதே. என் பேங்க் வலைத்தளத்துக்கு மட்டும் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

பெரியப்பாவின் ஆண்ட்ராய்டு போனில் பிட்வார்டன் செயலியைப் போட்டு இரண்டு வாரம் பழகிப் பார்த்தோம். எல்லா பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைக்கும் பெட்டி அது. நாம் நினைவில் வைக்க வேண்டியது பெட்டியின் சாவியான மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றைத்தான். மூல நிரல் திறந்தே இருக்கிறது. எத்தனை பாஸ்வேர்டு, எத்தனை போன் என்றாலும் காசு கிடையாது. சாவி மறந்துபோனால் பிட்வார்டன்காரர்களாலும் திறந்து கொடுக்க முடியாது. பெரியப்பாவுக்கு அதுதான் பயம். எனக்கோ அதனால்தான் நம்பிக்கை.

சாவி சொத்தையாக இருந்தால் பெட்டியால் பயனில்லை. 2022-ல், இதே மாதிரி பெட்டி தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டிகளையே, பூட்டியபடி, திருடர்கள் நகலெடுத்துப் போனார்கள். அதன் பிறகு திருடனுக்கு அவசரமில்லை; வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கலாம்.

பிட்வார்டனே சாவிக்குச் சொற்கள் தரும். 7,776 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் என்ற கணக்கில் அமைத்தது. பெரியப்பாவுக்கு அந்த ஆங்கிலச் சொற்கள் மனதில் நிற்கவில்லை. “நானே தமிழ்ல சொல்றேன்” என்று முருகன், வேல், மயில், பழனி என்றார். ஒன்றைச் சொன்னால் மற்ற மூன்றும் தானே வந்து நிற்கும் சொற்கள். மனுஷன் யோசித்து எடுத்தால் இப்படித்தான்.

க்ரியா அகராதியை எடுத்தேன். கூகுளிடம் 1-லிருந்து 1000-க்குள் ஓர் எண் கேட்டோம், அது பக்கம். லூடோ பகடையை உருட்டினோம். அந்தப் பக்கத்தில் அத்தனையாவது சொல். ஆயிரம் பக்கம், பக்கத்துக்கு ஆறு சொல்: ஆறாயிரத்தில் ஒன்று. “நாலு சொல் போதாதாடா?” என்று பேரம் பேசினார். நாலுக்குச் சுமார் 13 கோடி கோடி சேர்க்கைகள், ஐந்துக்கு அதைப்போல் ஆறாயிரம் மடங்கு என்றதும் அடங்கினார். வந்தவை: தவலை, நடுக்கம், ஏலம், கொக்கி, சாம்பல்.

தமிழ் எழுத்திலேயே அடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ‘கொ’வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினி இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளாத இடத்தில் அவை வேறு வேறு பாஸ்வேர்டு. ஆங்கில எழுத்தில் அடித்தாலோ, தவலைக்கு டி மட்டுமா, டி-ஹெச்சா? சாம்பலுக்கு ஒரு ஏவா, இரண்டா? ஒவ்வொன்றையும் முடிவு செய்து, அப்படியே தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தோம். தாளில் எழுதக் கூடாது என்பார்கள். எங்கோ உட்கார்ந்து சாவி போட்டுப் பார்க்கிறவன் பாலவாக்கத்துக்கு வந்து பீரோவைத் திறக்கப் போவதில்லை.

எனக்குப் பிடித்தது தானாக நிரப்பும் வசதி. எந்த வலைமுகவரிக்குப் பதிந்தோமோ அங்கேதான் பாஸ்வேர்டை எடுத்து நீட்டும். இன்று ராத்திரி கரண்ட் கட் என்று மிரட்டும் எஸ்.எம்.எஸ். மூலம் போலிப் பக்கத்துக்குப் போனால், பார்க்க அச்சு அசலாக இருந்தாலும் பேசாமல் இருந்துவிடும். அந்த மௌனமே எச்சரிக்கை. ஓ.டி.பி.யைப் போனில் கேட்டு வாங்குகிறவனிடமிருந்து எந்தச் செயலியும் காப்பாற்றாது. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

குறைகளும் உண்டு. தானாக நிரப்பும் வசதியைப் போன் செட்டிங்ஸில் தேடிப் பிடித்து இயக்குவதற்கே கால் மணி நேரம் ஆனது. அவருடைய பேங்க் செயலியில் அது எட்டியே பார்க்கவில்லை. நகலெடுத்து ஒட்டத்தான் வேண்டியிருந்தது. அவசரத்தில் வீட்டார் பெட்டியைத் திறக்கும் வசதி காசு கட்டினால்தான்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் போன். பின்னால் அலைச்சத்தம், வாக்கிங் வந்தவர்களின் பேச்சு. “டேய், ஏலத்துக்கு முன்னாடி ஒய் போட்டோமா?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன் ஐந்து சொல்லையும் கடற்கரைக்கே கேட்கும்படி வரிசையாகச் சொல்லி முடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அகராதியைத் திறந்தோம்.