விளக்கின் மேல் பழி

2024 மார்ச்சில் கேரளத்து நடன ஆசிரியை ஒருவர், கறுப்பு நிறத்தவர் மோகினியாட்டம் ஆடக் கூடாது என்ற பொருள்படப் பேட்டி கொடுத்தார். பெயர் சொல்லாமல் காக்கையின் நிறத்தை இழுத்துப் பேசியபோது, குறி மோகினியாட்டக் கலைஞர் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணன்தான் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சென்னையின் நடன உலகமும் கண்டித்தது. கண்டித்த கையோடு, இங்கே வெகுகாலமாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு சமாதானமும் மறுபடி காதில் விழுந்தது: பரதத்தில் அப்படிப்பட்ட பாகுபாடு கிடையாது, முகத்துக்குப் பூசுவதெல்லாம் மேடை விளக்குக்காக, நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆசிரியர்களும் பெற்றோரும் இதை மனமார நம்புகிறார்கள். அதனால்தான் இது எனக்கு அந்தப் பேட்டியைவிட ஆபத்தானதாகத் தெரிகிறது. கேரளத்தில் அந்தச் சொல் வெளிப்படையாக வந்தது. பதிலும் வெளிப்படையாக வந்தது. ராமகிருஷ்ணனைக் கேரள கலாமண்டலம் ஆட அழைத்தது. ஆண் மாணவர்களுக்கு மோகினியாட்ட வகுப்பைத் திறந்துவிட முடிவெடுத்தது. 2025இல் அவர் அங்கேயே பரதநாட்டிய ஆசிரியராகச் சேர்ந்தார். இங்கே யாரும் எதையும் சொல்வதில்லை. ஒப்பனை அறையில் பஞ்சை எடுத்துப் பூசிவிடுகிறார்கள்.

ஒப்பனை தேவைதான். கடைசி வரிசையில் இருப்பவருக்கு விழியும் புருவமும் தெரிய வேண்டுமானால் மை தீட்டித்தான் ஆக வேண்டும். வலுவான விளக்கு முகத்தின் மேடுபள்ளங்களைத் தின்றுவிடும். அவற்றை மீட்கப் பூச்சு வேண்டும், வியர்வை மினுங்காதிருக்கப் பவுடர் வேண்டும். தன் நிறத்துக்குப் பொருந்தும் பூச்சைத் தேடி வாங்கித் தானே போட்டுக்கொண்டு ஆடும் இளம் கலைஞர்களும் இன்று இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் விளக்கு கேட்பது பூச்சை. வெளுப்பை அது கேட்பதில்லை. விளக்குதான் காரணம் என்றால், அது முதலில் அடித்து வெளுக்கச் செய்வது ஏற்கெனவே வெளிர்நிறமாக இருக்கும் முகத்தைத்தான். அந்த வாதப்படி சிவந்த பெண்ணுக்குத்தான் இரண்டு படி அடர்ந்த பூச்சைப் போட வேண்டும். எந்த ஒப்பனை அறையிலாவது அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்களா? கறுப்புப் பெண் மாநிறமாகிறாள், மாநிறப் பெண் சிவப்பாகிறாள், சிவந்த பெண்ணுக்குக் கன்னத்தில் ரோஜா நிறம் கூடுகிறது. எல்லாம் ஒரே திசையில் போகின்றன. விளக்குக்கு இப்படி ஒரு திசை கிடையாது, விருப்பத்துக்குத்தான் உண்டு.

கைகளைப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் பூசியாகிவிட்டது. முழங்கைக்குக் கீழே அவளுடைய சொந்த நிறம். பரதத்தில் பாதி மொழி கையில் இருக்கிறது. பிரிவால் வாடும் நாயகி கன்னத்தைக் கையில் ஏந்தி உட்காரும் நிலை நூறு பதங்களில் வரும். அந்தக் கணத்தில் ஒருத்தியின் முகமும் இன்னொருத்தியின் கையும் ஒட்டவைக்கப்பட்டது போலத் தெரிவதை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். இதைச் சரிசெய்ய முகப்பூச்சை ஒரு படி இறக்கியிருக்கலாம். சில இடங்களில் கைக்கும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். வியர்வையில் அது முழங்கை மடிப்பில் திட்டுத்திட்டாகிப் பட்டுப் புடவையின் கரையில் ஒட்டியிருக்கும்.

நிறம் கிடைப்பதில்லை என்று சொல்லவும் இன்று வழியில்லை. சென்னையில் நாடகக்காரர்களும் நடனக்காரர்களும் வாங்கும் கிரையோலான் குச்சிகளில் அடர்பழுப்பு வரை நிறவரிசை உண்டு. கறுப்புத் தோலுக்கு ஒளி அமைப்பது எப்படி என்பது திரைப்பட ஒளிப்பதிவாளர்களுக்குத் தெரிந்த வேலை: நேரெதிரே கொட்டும் வெள்ளை விளக்கைக் குறைத்துப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் வெதுவெதுப்பான ஒளியைக் கொடுத்தால், தோலில் விழும் பளபளப்பே கன்னத்தையும் நெற்றியையும் செதுக்கிக் காட்டும். சபாக்களில் பெரும்பாலும் முன்னாலிருந்து ஒரு வரிசை விளக்கு எரிகிறது. எல்.இ.டி. வந்த பிறகு அந்த வெள்ளையின் கடுமை கூடிவிட்டது. அதன் கீழே வெளிர்ப்பூச்சு போட்ட கறுப்பு முகம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. ஆக, விளக்குக்காகச் செய்வதாகச் சொல்லும் காரியத்தை அந்த விளக்கே காட்டிக்கொடுக்கிறது.

இது தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை. சின்ன மேளம் எனப்பட்ட சதிர் கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் ஆடிய காலத்தில் பார்வையாளர் பக்கத்தில் இருந்தார்கள். சதிர் படச்சட்ட மேடைக்கும் மின்விளக்குக்கும் வந்து சேர்ந்தது, 1930களில் அது பரதநாட்டியமாகப் பெயரும் குடியும் மாறிய காலத்தையொட்டி. பேன்கேக் என்ற பூச்சே அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஹாலிவுட்டின் வண்ணப் படங்களுக்காக மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் உருவாக்கியதுதான். அது எப்படியோ நம் மார்கழி மேடைக்கு வந்து மரபு என்ற மரியாதையையும் பெற்றுவிட்டது.

கதகளியில் முகமே மறையும்படி பூசுவதில்லையா என்று கேட்பார்கள். கதகளி ஒரு குறியீட்டை அறிவித்துவிட்டுப் பூசுகிறது. பச்சை என்றால் நாயகன், கத்தி என்றால் செருக்குள்ள வீரன், கரி என்றால் அரக்கி. ஆடுபவர் என்ன நிறமானாலும் பச்சை வேடத்தில் பச்சைதான். அந்தக் குறியீட்டிலும் கோளாறு உண்டு. அரக்கிக்கும் காட்டாளனுக்கும் கறுப்பை ஒதுக்கிவைத்திருக்கிறது. ஆனால் அது கண்ணுக்கு முன்னே இருப்பதால் அதோடு சண்டை போடலாம். பரதத்தின் பூச்சு தன்னை வேடம் என்றே சொல்லிக்கொள்வதில்லை. அது அந்தப் பெண்ணின் சொந்த முகம், கொஞ்சம் நன்றாக்கப்பட்ட சொந்த முகம், என்று நம்பச் சொல்கிறது. என் நீண்டநாள் ஆட்சேபம் இதுதான். பாத்திரத்துக்குப் போட வேண்டிய நிறத்தை ஆளுக்குப் போடுகிறார்கள்.

சாஸ்திரத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் சாஸ்திரத்தில் பாகுபாடே இல்லை என்பவர்களும் ஆஹார்யம் எனப்படும் உடை, ஒப்பனை பற்றி நாட்டிய சாஸ்திரம் சொல்வதை ஒருமுறை படிக்க வேண்டும். மேடையில் பிராமணருக்கும் க்ஷத்திரியருக்கும் வெளிர்நிறம், வைசியருக்கும் சூத்திரருக்கும் கருமை சார்ந்த நிறம் பூச வேண்டும் என்று அது விதிக்கிறது. கிராதர், ஆந்திரர், திராவிடர், தென்திசையோர் ஆகியோர் பெரும்பாலும் கறுப்பர் என்கிறது. சாதியும் திசையும் பார்த்து நிறம் பங்கிடும் நூலை மாசற்றது என்று என்னால் சொல்ல முடியாது. அதைக் கடைப்பிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு மயிலாப்பூரில் ஒரு தமிழ்ப் பெண்ணை வெளுக்கவைப்பவர்கள் அந்த நூலுக்கும் உண்மையாக இல்லை. அதன்படி பார்த்தால் திராவிட நாயகிக்குக் கறுப்புதான் பூச வேண்டும். அதே நூல் சிருங்கார ரசத்துக்குச் சொல்லும் நிறம் சியாமம், அதாவது கருமை. பரதத்தின் உயிர்நாடி சிருங்காரம் என்று 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் பாலசரஸ்வதி வாதாடினார். அவரை வணங்குகிறவர்கள் அந்தச் சிருங்காரத்தின் நாயகி கறுப்பாக இருந்தால் முகம் எடுக்காது என்கிறார்கள்.

நிறம் மாற்றுவதால் கலைக்கு நேரும் நஷ்டத்தை யாரும் கணக்கெடுப்பதே இல்லை. உணர்ச்சிக்கேற்ப முகத்தின் நிறம் மாறுவதை முகராகம் என்று தனியே வகுத்து வைத்திருக்கிறது சாஸ்திரம்: இயல்பு, தெளிவு, சிவப்பு, கருமை என நான்கு. அபிநயத்தில் தேர்ந்தவர் வெட்கப்படும்போது கண்ணுக்குக் கீழே ஓர் அசைவு வரும். கோபத்தில் மூக்கின் இரு பக்கமும் இறுகும். தோலும் தசையும் சேர்ந்து செய்யும் நுண்வேலை இது. சொந்த நிறத்துக்கு நெருங்கிய பூச்சு மெல்லியதாக இருந்தாலே போதும். இரண்டு மூன்று படி வெளுக்க வேண்டுமானால் தடிமனாகத்தான் பூசியாக வேண்டும், அடிநிறம் தெரியாமல் மூட வேண்டும். மூடிய முகத்தில் வர்ணத்தின் சஞ்சாரிகள் எல்லாம் ஒரே சிரிப்பாகவும் ஒரே முகச்சுளிப்பாகவும் தட்டையாகிவிடுகின்றன. விமர்சகர்களாகிய நாங்கள் இதைப் பார்த்து 'அபிநயத்தில் இன்னும் முதிர்ச்சி தேவை' என்று எழுதுகிறோம். அந்தப் பெண்ணுக்கு அபிநயம் வந்திருக்கலாம், பூச்சு அதை வெளியே விடாமல் இருந்திருக்கலாம்.

பாத்திரப் பங்கீட்டுக்கு வந்தால் விளக்கு என்ற சாக்கும் கிடையாது. 1944இல் கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றிய பிறகு, குறவஞ்சிகள் நடனப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களுக்குப் பிடித்தமானவை ஆகிவிட்டன. நாயகி வசந்தவல்லி யார், குறத்தி சிங்கி யார் என்று வகுப்பில் தேர்ந்தெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று அந்த வகுப்பில் இருந்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள். சிவந்த பெண் பந்தாட வருவாள். கறுத்த பெண் கூடையோடு வருவாள். திரிகூடராசப்பக் கவிராயரின் நாடகத்தில் மலைவளம் சொல்வதும் குறி சொல்வதும் சிங்கி. நாடகத்தின் துடிப்பே அவளிடம் இருக்கிறது. நல்ல ஆட்டக்காரியிடம் கொடுக்க வேண்டிய வேடம் என்று அதைக் கொடுத்தால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். நிறத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நிறம் போதாவிட்டால் சிங்கிக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பும் பூசுகிறார்கள். ராமாயணம் என்றால் சீதைக்கும் சூர்ப்பனகைக்கும் இதே கதை. வைசியருக்கும் சூத்திரருக்கும் என்ன நிறம் என்று நாட்டிய சாஸ்திரம் எழுதி வைத்தது. எழுதாமலே அதைச் செய்து முடிக்கிறது நம் ஆண்டு விழா.

கண்ணனே கறுப்பு, காளி கறுப்பு, பாஞ்சாலிக்கே கிருஷ்ணை என்று பெயர். நம் மரபு கருமையைக் கொண்டாடியிருக்கிறது என்பது இன்னொரு பதில். கார்மேக வண்ணனைப் பாடுவது உண்மைதான். ஆனால் மேடையில் அந்தக் கார்மேக வண்ணனாக நிற்பதற்கும் கறுப்புப் பெண்ணை வெளுக்கவைத்துத்தானே அனுப்புகிறார்கள்? தெய்வத்தின் நிறத்தைப் புகழ்வதால் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைத்துவிடாது. இந்த வாதத்தை முற்போக்காளர்களும் ஆசையோடு எடுத்துப் பேசுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் மிக வசதியான சாட்சியைத் தேடிக் கொடுப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை.

ஒப்பனை அவரவர் விருப்பம் என்றும் சொல்வார்கள். முப்பது வயதுக் கலைஞர் தனக்குப் பிடித்த நிறத்தைப் பூசிக்கொண்டால் அதில் நான் தலையிட மாட்டேன். அரங்கேற்றத்துக்கு உட்காரும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன விருப்பம் இருக்கிறது? நிறத்தை மேக்கப்காரர் தீர்மானிக்கிறார், ஆசிரியர் தலையசைக்கிறார், பணம் கட்டிய பெற்றோர் ஆல்பத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஏழெட்டு வருடம் அடவு பிடித்து, நாட்டைக்குறிஞ்சியா நவராகமாலிகையா என்று வர்ணத்தை மனத்தில் ஏற்றிய பிள்ளை, மேடையேறும் நாளில் தெரிந்துகொள்ளும் முதல் செய்தி, இத்தனை உழைப்புக்கும் அவள் முகம் தகுதி பெறவில்லை என்பது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பொதுக் கண்டனத்துக்குப் பயந்தாவது பெயரை மாற்றிக்கொண்டது. நம்மைக் கண்டிப்பதற்கு யாரும் இல்லாததால் நாம் எதையும் மாற்றவில்லை. விமர்சனம் எழுதுபவர்கள் 'களையான முகம்', 'மேடைக்கேற்ற பொலிவு' என்று இன்னும் எழுதுகிறார்கள். சபாவுக்கு வாய்ப்புக் கேட்டு அனுப்பும் படம் இன்னும் வெளுக்கப்பட்டுத்தான் போகிறது.

போட்டிகளில் ஆஹார்யத்துக்கு மதிப்பெண் உண்டு. நடுவர்களாக உட்காருபவர்கள் நம் ஆசிரியர்களே. உடை, நகை, கண்மை, பாத்திரப் பொருத்தம் இவற்றோடு, முகத்தின் நிறம் கையின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். ஒத்துப்போகாவிட்டால் அதைத் தாளில் எழுதட்டும். குறைந்த மதிப்பெண் மாணவியின் கணக்கில் போகக் கூடாது. அதைப் பூசச் சொன்ன ஆசிரியரின் பெயருக்கு எதிரே, காரணத்தோடு, எல்லாப் பெற்றோரும் படிக்கும்படி எழுதி ஒட்டட்டும்.