இரண்டாவது கிளையன்ட்

கசாண்ட்ரா தரவுத்தளத்தில் ஒரு வினவலை முன்கூட்டியே தயாரித்து வைத்தால், சர்வர் அதற்கு 16 பைட் அடையாளம் ஒன்றைத் தரும். விடையில் எந்தப் புலம் எந்த இடத்தில், எந்த வகையில் வரும் என்ற விவரமும் கூடவே வரும். அடுத்தடுத்த முறை சர்வர் விவரத்தை விட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் அனுப்பினால் போதும். வேகம் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான்.

அந்த ஆபத்தைப் பிடிக்கும் சோதனையின் அழகைச் சொல்ல வேண்டும். இரண்டு கிளையன்ட்டுகள் ஒரே ‘செலக்ட் *’ வினவலைத் தயாரிக்கின்றன. பிறகு அட்டவணையில் ஒரு புலம் சேர்க்கப்படுகிறது. சர்வர் பழைய தயாரிப்பைக் கைவிடுகிறது. முதல் கிளையன்ட் மறுபடி தயாரித்துப் புது விவரம் பெறுகிறது. வினவலின் வாசகம் மாறாததால் அடையாளமும் அதேதான். அடுத்து வரும் இரண்டாவது கிளையன்ட்டின் அடையாளத்தை சர்வர் ஏற்றுக்கொண்டு, புது அமைப்பில் மதிப்புகளைத் தருகிறது. அந்தக் கிளையன்ட்டோ பழைய விவரப்படி படிக்கிறது. சாதாரணப் புலங்கள் பெயரின் அகரவரிசையில் வருபவை. ஆகவே புதுப் புலத்துக்கு முந்திவரும் பெயரைச் சூட்ட வேண்டும், இல்லையேல் பிழை வெளியே தெரியாது. எவ்வளவு கூர்மையான யோசனை!

இந்தப் பிழைக்குத் தீர்வாக, 2021இல் வந்த கசாண்ட்ரா 4.0இன் நெறிமுறை (ஐந்தாம் பதிப்பு), விடை விவரத்துக்கும் தனி அடையாளம் கொடுத்தது. கிளையன்ட் அனுப்பும் அந்த அடையாளம் பொருந்தாவிட்டால், சர்வர் புது விவரத்தையும் சேர்த்தே அனுப்புகிறது.