ஒரே அளவையால் அளக்கட்டும்

விருத்தாசலம் பகுதியைச் சேர்ந்த எங்கள் மங்களூரில், நான் சிறுவனாக இருந்த காலத்தில், தேநீர்க் கடை வானொலியில் செய்தி தொடங்கினால் வாதங்கள் ஓய்ந்துவிடும். "ரேடியோவிலேயே சொல்லிவிட்டான்" என்பதே இறுதிச் சாட்சியம். பாமர மக்கள் அரசு ஒலிபரப்பிடம் ஒப்படைத்த அமானிதம் அது.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதி சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தபோது, வானொலியும் தூர்தர்ஷனும் தன்னாட்சி பெற்றுவிட்டதாகக் கூறப்பட்டது. ஆனால், ஊதியத்திற்கே மத்திய அரசின் ஒதுக்கீட்டை எதிர்நோக்கும் அமைப்பின் தன்னாட்சி எத்தகையது? இரு படங்களை அருகருகே வைத்து நோக்கினால் விளங்கும்.

வகுப்புவாத வன்முறையின் வேர்களை ஆராய்ந்து ஆனந்த் பட்வர்தன் 1995இல் உருவாக்கிய 'பிதா, புத்ர் ஔர் தர்மயுத்' ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. எனினும் அதனை ஒளிபரப்பத் தூர்தர்ஷன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிய பிறகு, 2006 ஆகஸ்டில்தான் அதற்கு வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் தில்லியில் ஆட்சிகள் மாறின, தயக்கம் மாறவில்லை. ஆகவே, குற்றம் ஒரு கட்சியை மட்டும் சார்ந்ததன்று.

மற்றொன்று 'தி கேரளா ஸ்டோரி'. 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டனர் என்ற கூற்றுக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்னும் அறிவிப்பைச் சேர்க்க அதன் தயாரிப்பாளர் தரப்பு 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் இசைந்தது. அப்படத்தைக் கேரள வாக்குப்பதிவுக்கு மூன்று வாரங்களுக்கு முன், 2024 ஏப்ரல் 5ஆம் நாள், தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. முதல்வர் பினராயி விஜயனின் எதிர்ப்பு செவிசாய்க்கப்படவில்லை.

அதே தேர்தலில் கட்சிகளுக்குரிய இலவச உரை நேரத்தில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை விமர்சித்த ஃபார்வர்டு பிளாக் தலைவர் தேவராஜனின் உரையிலிருந்து 'முஸ்லிம்கள்' என்ற சொல்லே நீக்கப்பட்டது. சீதாராம் யெச்சூரியின் உரையிலும் ஆட்சியை விமர்சித்த சொற்கள் வெட்டப்பட்டன. தேர்தல் விதிமுறைகளைப் பின்பற்றியதாக விளக்கம் தரப்பட்டது. ஒரு சமூகத்தைப் பற்றிய புனைவு திரையேறலாம். அச்சமூகத்தின் பெயர் உரையில் ஒலிக்கலாகாது! இது எவ்வகை விதி?

இங்கே நாம் ஒரு தவறைச் செய்துவிடலாகாது. படத்தைத் தடை செய்யுங்கள் என்று கோருவது நம் பணியன்று. 1988இல் 'தமஸ்' தொடரை நிறுத்தக் கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளியது சரியே. தடை என்பது இன்று அவர்கள்மீது பாய்ந்தால் நாளை நம்மீதும் பாயும் ஆயுதம். நாம் கோர வேண்டியது மூன்று: மறுக்கப்படும் ஒவ்வொரு படைப்புக்கும் எழுத்து மூலமான காரணம், குற்றம் சாட்டப்படுவோருக்கு அதே அலைவரிசையில், அதே நேர அளவில் மறுப்புரை, அமைச்சகத்தின் தயவில் நில்லாத நிதி.

அளவையில் மோசம் செய்வோரை எச்சரித்துத் தொடங்கும் அத்தியாயம் ஒன்று திருமறையில் உண்டு. தானியத்திற்கு மட்டுமன்று, சொல்லுக்கும் அளவை உண்டு. பொதுப் பணத்தில் இயங்கும் கடையில் படிக்கல் அனைவருக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.