பதின்மூன்று வயதுப் பையனின் யோவான்

அடேயப்பா, என்ன கை அது! ஓசூர் ரோடு இரைச்சல் உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, லேப்டாப்பில் யோவான் நிற்கும் இந்த ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் பொம்மனஹள்ளியில் இப்போது என் ராத்திரி வேலை. அசல், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே போக நமக்கு எங்கே வசதி?

வரைந்தவன் அபுல் ஹசன். காலம் 1600 வாக்கில். முகலாய இளவரசர் சலீமிடம் வேலை பார்த்த பாரசீக ஓவியர் ஆகா ரிசாவின் மகன். தன் பதின்மூன்றாம் வயதில் வரைந்ததாகப் படத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வயதில் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரஜினியின் மூக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்!

இந்தப் படத்தின் கதை இன்னும் கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. 1580-இல் ஃபதேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார்கள், ஆண்ட்வெர்ப்பில் அச்சான பைபிளைப் பேரரசர் அக்பருக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பிய அச்சுப் படங்களும் முகலாய ஓவியர் கைகளுக்கு வந்து சேர்ந்தன. அப்படி வந்த ஒன்றுதான், ஜெர்மானிய மேதை ஆல்பிரெக்ட் டியூரர் 1511-இல் செம்புத் தகட்டில் கீறி அச்சிட்ட சிலுவைக் காட்சி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் இயேசு, அவர் தாய் மரியாள், சீடர் யோவான் எல்லோரும் உண்டு.

பையன் என்ன செய்தான் தெரியுமா? சிலுவையை விட்டான். இயேசுவை விட்டான். மரியாளையும் விட்டுவிட்டு, யோவானை மட்டும் எடுத்துக்கொண்டான்! எதைப் பார்த்து அழுகிறார் என்பது படத்திலேயே இல்லை. துக்கம் மட்டும் தனியாக நிற்கிறது. டியூரர் பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, எனக்கு அசலைவிட இதுதான் ஒரு படி மேல்.

கோத்துப் பிடித்த அந்தக் கைகளைப் பாருங்கள். அப்புறம் அங்கியின் மடிப்புகளுக்கு வாருங்கள். டியூரரின் இரும்பு முனை கீறிய கோடுகளில் ஒரு விறைப்பு உண்டு. அதே மடிப்புகள் இங்கே தூரிகையில், மசியில், குழைந்து விழுகின்றன. முகலாயப் பட்டறைகளில் அணில் முடியில் தூரிகை கட்டுவார்கள். அதன் நுனியில் எவ்வளவு மசி நிற்க வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பொடியனுக்கு அத்துப்படி. நிழல் கருக்கும் பள்ளங்களில் கோடுகள் நெருங்கி நிற்கின்றன. மடிப்பு மேடேறும் இடத்தில் வெறும் தாளே வெளிச்சமாகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் விசில் அடிக்காத குறை!

சலீம் பின்னால் ஜஹாங்கீர் ஆனார். அபுல் ஹசனுக்கு ‘காலத்தின் அதிசயம்’ என்று பொருள்படும் நாதிருஸ் ஸமான் பட்டத்தை 1618-இல் கொடுத்தார். என்னைக் கேட்டால், பதினெட்டு வருஷம் லேட்.